ரத்தம் பத்தலை

— ரத்தம் பத்தலைக்கா.

— இதுக்கு மேல ஊத்தினா உன் மூஞ்சியே தெரியாது தம்பி. ஏற்கெனவே முக்கால்வாசி அட்டை சிவப்பு. தக்காளி சாஸ் விளம்பரம் மாதிரி இருக்கு.

— சாஸா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கக்கா, இதைப் பார்த்தா உங்களுக்குப் பயமா இல்ல?

— பயமாத்தான் இருக்கு. கீழ 'அட்டை வடிவமைப்பு'ன்னு என் பேருல்ல வரப்போகுது. பதினாறு வருஷமா மாத்திரை டப்பாவும் பிஸ்கட் பாக்கெட்டும் டிசைன் பண்ணிச் சம்பாதிச்ச பேரு.

— போங்கக்கா. ராப் ஆல்பம்னா ஒரு கெத்து வேணும். பின்னாடி முள்வேலி, பக்கத்துல நாய், நடுவுல நான், கையில...

— துப்பாக்கி. எல்லாம் வச்சாச்சு, நல்லாப் பாரு. நாய் மட்டும் சரியா அமையல. சங்கிலியோட கிடைச்ச படத்துல எல்லாம் நாய் சிரிச்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் நீ துப்பாக்கி பிடிச்சு எடுத்து அனுப்பின போட்டோ. அந்தத் துப்பாக்கி முனையில ஆரஞ்சு கலர்ல ஒரு மூடி இருந்துச்சு. அதை அழிக்கவே எனக்கு அரை நாள் போச்சு.

— அது... எங்கக்கா பையனோடது.

— அனாதைக்கு அக்கா பையன் எங்கேருந்து வந்தான்? பின்னட்டைக்கு நீ குடுத்த வாழ்க்கைக் குறிப்பு இதோ இருக்கு. 'பெற்றவர் முகம் அறியாதவன். தெரு பெற்ற பிள்ளை.'

— அது கலைக்கா. பாட்டுக் கம்பெனியில கேட்டாங்க. பின்னணி கொஞ்சம் இருட்டா இருந்தா நல்லாப் போகுமாம்.

— சரி, இப்படி வச்சுக்குவோம். இருட்டு உன் பாடு. நான் எழுத்துக்கு வர்றேன். உன் பேரு, 'குண்டு'. 'ண்' மேல இருக்கிற புள்ளியை மட்டும் தோட்டா துளைச்ச ஓட்டையா மாத்தியிருக்கேன். போன்ல கவர் நகத்தளவுக்குச் சுருங்கிடும். அப்பவும் அந்த ஓட்டை தெரியும். சட்டையில அடிக்கலாம், ஸ்டிக்கர் போடலாம், மேடைக்குப் பின்னால பெருசாக் கட்டலாம்.

— வேற லெவல்! ஆனா ஒரே ஒரு ஓட்டை எதுக்கு? எல்லா எழுத்துலயும் போடுங்க, சல்லடை மாதிரி.

— சல்லடையாக்கினா 'கு'வோட வால் போயிடும். 'கண்டு'ன்னு படிப்பாங்க. ஆல்பத்துக்குக் கல்கண்டு படமா போடறது?

— சரி, ஆல்பம் பேராவது பெருசா வரட்டும். 'துவைச்சுத் தொங்கவிடு'.

— பத்து எழுத்து. ஒரே வரியில அடங்காது. 'துவைச்சு' தலைக்கு மேல, 'தொங்கவிடு' சரியா உன் கழுத்துக்கிட்ட. பரவாயில்லையா?

— மாஸ்க்கா!

— உன் கழுத்து, உன் இஷ்டம். இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க. திறந்துதான் இருக்கு, வாங்க!

— செருப்பை வெளியில விடணுமாம்மா?

— அய்யய்யோ.

— பரவாயில்லை, போட்டுக்கிட்டே வாங்க. ஜெராக்ஸ் எடுக்கணுமா? கடை கீழ இருக்கு.

— இல்லம்மா. இவனைத்தான் பார்க்க வந்தேன். நான் இவன் அம்மா.

— அம்மாவா! வாங்க, உட்காருங்க. தம்பி, தெரு மாடியேறி வந்திருக்கு பாரு.

— அம்மா, நீ எப்படி இங்க? ட்யூட்டி இல்லையா?

— ஷிப்ட் மாத்திக்கிட்டோம். பஸ்ல வந்தோம். நீதானே அட்ரஸை எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருந்த? என் பிள்ளை படம் வருதே, ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். அது என்னடா ஸ்க்ரீன்ல, 'பெற்றவர் முகம் அறியாதவன்'?

— அது டிசைன்மா. நீ அதையெல்லாம் படிக்காத.

— நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் செத்துப்போனதா எழுதியிருக்கியா, ஓடிப்போனதா?

— அவ்வளவு விவரமா இல்லம்மா. பொதுவா...

— காலையில பொதுவா ரெண்டு முட்டை அவிச்சு மூடி வச்சேனே, அதை யாரு வச்சதுன்னு நினைச்சுச் சாப்பிட்ட?

— அக்கா, சிரிக்காதீங்கக்கா.

— நான் சிரிக்கலப்பா. தண்ணி குடிக்கிறீங்களாம்மா?

— வேணாம்மா. நான் ஒண்ணும் சொல்லல, உங்க வேலை உங்களுக்குத் தெரியும். ஆனா ரத்தம் இப்படி இருக்காது.

— எப்படி இருக்கும்?

— இந்தப் பளபளப்பு கொஞ்ச நேரம்தான். காத்து பட்டதும் கருக்க ஆரம்பிச்சுடும். ஒரு நாள் போச்சுன்னா துரு மாதிரி பழுப்பு. நடுவுல வெளிறிப்போய், ஓரத்துல மட்டும் அழுத்தமா ஒரு வளையம் நிக்கும், டீ கொட்டின துணியில நிக்குமே, அந்த மாதிரி.

— உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்...

— அம்மா, நீ கீழ போய்க் காத்திரேன். இங்க வேலை நடக்குது.

— நானும் வேலையைப் பத்தித்தான்டா சொல்றேன். இருபத்தாறு வருஷமா வேற எதைப் பார்த்தேன்? ரத்தக்கறைன்னா பச்சைத்தண்ணியிலதான் முதல்ல அலசணும்மா. சுடுதண்ணி பட்டுச்சோ, போச்சு, அதோட விடாது.

— எங்க வேலை பார்க்கறீங்க?

— பெரிய ஆஸ்பத்திரியில. முன்வாசல்ல இல்லம்மா. பின்பக்கம், தரைக்குக் கீழ. லாண்டரியில.

— லாண்டரியா? ஒரு நிமிஷம். தம்பி, எழுந்திருக்காத, உட்காரு. உன்னோட முதல் பாட்டு. 'வந்ததை எல்லாம் துவைச்சேன், பிழிஞ்சேன், தொங்கவிட்டேன். வந்த வழியே வெள்ளையாக்கித் திருப்பி விட்டேன்.' உள்பக்கத்துல இதுக்கு என்ன படம் போடறதுன்னு போன வாரம் கேட்டேன். என்ன சொன்ன?

— எதிரிங்களை அடிச்சதுன்னு.

— எத்தனை பேருன்னு கேட்டேன்.

— நாலு பேருன்னேன்.

— நாலா? ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் உருப்படிம்மா!

— அம்மா...

— நீ பேசாத தம்பி. மூணாவது பாட்டு. 'ஆவிக்கு நடுவுல நிக்கிறேன், எவனுக்கும் முகமில்ல. கூவிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், எவனுக்கும் காதில்ல.' உன்னால செத்தவனெல்லாம் ஆவியா வந்து நிக்கிறான்னு சொன்ன. அதை நம்பி நான் ஆறு பேய் வரைஞ்சேன். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கண்ணு, தனித்தனியா பல்லு.

— பேய் எதுக்கும்மா? அது கொதிக்கிற தண்ணியோட ஆவி. மெஷின் கதவைத் திறந்தா பக்கத்துல நிக்கிறவளே தெரிய மாட்டா. சத்தத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காது. அப்புறம் அது 'எவனுக்கும்' இல்ல, 'எவளுக்கும்'. இவன்தான் மாத்திட்டான்.

— ஆறு பேயையும் தூக்கிப் போடறேன். அஞ்சாவது பாட்டு. 'விறைப்பா நடந்து வர்றியே, அது உன் கெத்தாடா? கழுத்துப் பட்டியில நிக்குதே, அது என் கஞ்சிடா!'

— டாக்டருங்க கோட்டும்மா. கஞ்சி போட்டு இஸ்திரி போடுவோம். சில பேருக்குக் கோட்டை மாட்டினதும் நடையே மாறிடும். நம்மைப் பார்த்தா கழுத்தே திரும்பாது. கழுத்து திரும்பாததுக்குக் காரணம் நம்ம கஞ்சிதான்னு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு.

— இதைத்தான் நீ எதிர் கோஷ்டித் தலைவனைப் பத்தின பாட்டுன்னு சொன்னியா தம்பி? தங்கச் சங்கிலி போட்ட ஒருத்தன் கழுத்துல கத்தி வைக்கச் சொன்னியே?

— கஞ்சி காய்ச்சறதுன்னா கலாய்க்கிறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்குல்லக்கா...

— இருக்கு. ஏழாவது பாட்டு. அதுதான் என்னை விடவே இல்ல. வேற வேலை பார்க்கும்போதெல்லாம் வந்து நின்னுச்சு. 'செத்தவன் சட்டைப் பையில கையை விட்டேன். திரும்பிப் போக பஸ் டிக்கெட் இருந்துச்சு.' கொலைகாரன் பர்ஸைத்தானே எடுப்பான், டிக்கெட்டை எதுக்குப் படிக்கிறான்னு யோசிச்சேன்.

— மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி பையெல்லாம் துழாவிப் பார்க்கணும்மா. சாவி வரும், சீப்பு வரும், ஒரு தடவை பல்செட்டு வந்துச்சு. அன்னிக்கு டிக்கெட். போக வர சேர்த்து எடுத்திருக்காரு, பாவம்.

— தம்பி, இந்தப் பாட்டெல்லாம் யாரு எழுதினது?

— குரல் என்னுதுக்கா.

— நான் குரலைக் கேட்கல.

— பீட்டும் நான்தான் போட்டேன்.

— தம்பி.

— அம்மா நோட்டுலேருந்து எடுத்தது. போதுமா? நானும் எழுதிப் பார்த்தேன்க்கா. ரெண்டு வருஷம் எழுதினேன். 'நான் சிங்கம், நீ அசிங்கம்'. அதுக்கு மேல வரல. ஒரு நாள் அம்மா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ஏதோ முணுமுணுத்தாங்க. தாளம் கொஞ்சம்கூட தப்பல. என்னன்னு கேட்டா, வேலை செய்யற இடத்துல பாடறதுன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒரு பாட்டு, நோட்டுல எழுதிக் கொண்டுவந்து குடுத்தாங்க. மொத்தம் பதினொண்ணு.

— அதைக் கம்பெனியில சொல்ல வேண்டியதுதானே?

— என்னன்னு சொல்றது? 'குண்டு'ன்னா தோட்டான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. சின்ன வயசுல கன்னம் ரெண்டும் உப்பி இருந்ததால வீட்ல வச்ச பேருன்னு சொல்லவா? இருபத்தொம்பது வயசுல அம்மா எழுதிக் குடுத்ததைப் பாடறேன்னு சொன்னா, ஸ்கூல் பேச்சுப் போட்டி மாதிரி இருக்காது?

— கன்னம் இன்னும் அப்படியேதான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல.

— உங்களுக்குக் கோவமே வரலையாம்மா? உங்க பாட்டை எடுத்துக்கிட்டு, உங்களையும் இல்லன்னு எழுதி வச்சிருக்கான்.

— இவனுக்குக் கூச்சம்மா. துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா அந்தக் கூச்சம் தெரியாதுன்னு நினைக்கிறான். அதை விடுங்க, கடைசிப் பாட்டுக்கு என்ன படம் வச்சிருக்கீங்க? அதைப் பார்க்கணும் நான்.

— 'ஊசி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, எந்த மடிப்போ தெரியல. உள்ளங்கையில எழுதிட்டுப் போச்சு, எனக்குப் படிக்கத் தெரியல.' போதை ஊசின்னு இவன் சொன்னான். சிரிஞ்சு வரைஞ்சு வச்சிருக்கேன்.

— சிரிஞ்சு சரிதாம்மா. போதைக்குத்தான் இல்ல. வார்டுல ஊசி போட்டுட்டு, அவசரத்துல பெட்ஷீட்டுக்குள்ளயே விட்டுடுவாங்க. அப்படியே சுருட்டிக் கீழ தள்ளிடுவாங்க. நாங்க பிரிக்கும்போது கையில ஏறும். தடியா நல்ல க்ளவுஸ் வேணும்னு கேட்டோம். ரெண்டு வருஷமா எழுதி எழுதிக் கேட்டோம்.

— குடுத்தாங்களா?

— போஸ்டர் குடுத்தாங்க. 'பாதுகாப்பே முதல் கடமை'ன்னு. அதுல ஒரு பொண்ணு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறா. அவ க்ளவுஸ் போட்டிருக்கா.

— அதை டிசைன் பண்ணினவனை நான் பார்க்கணும். யாருக்காவது குத்துச்சாம்மா?

— போன வருஷம் ஒருத்திக்கு. சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான். அவளை ஆறு மாசம் ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தாங்க. கடைசியில ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. ஆனா அந்த ஆறு மாசமும் அவ தன் குழந்தையைத் தூக்கவே இல்லம்மா. தூக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொன்னோம். அவ கையைப் பின்னால கட்டிக்கிட்டே நின்னா.

— இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா.

— பாட்டுலயே இருக்கேடா. எரநூறு தடவை பாடினியே.

— தம்பி, தண்ணி குடி.

— அக்கா, அந்த ரத்தத்தை எடுத்துடுங்க.

— எவ்வளவு எடுக்கட்டும்?

— எல்லாத்தையும்.

— துப்பாக்கி?

— அதையும்தான். அக்கா பையன் வேற ஒரு வாரமா அதைத் தேடிக்கிட்டு இருக்கான்.

— பெற்றவர் முகம் அறியாதவன்?

— அம்மா முன்னாடி சத்தமாப் படிக்காதீங்கக்கா. எடுத்துடுங்க.

— முள்வேலி போச்சு, நாய் போச்சு. சிரிச்சுக்கிட்டே போகுது பாரு. அவ்வளவுதான். இப்போ ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை.

— பெட்ஷீட் மாதிரி இருக்கும்மா.

— ஆமால்ல? அம்மா, பெட்ஷீட்ல என்ன எழுதியிருக்கும்?

— என்ன எழுதப் போறோம்? மூலையில வார்டு நம்பர் மட்டும் சிவப்பு நூல்ல தைச்சிருப்போம். மையில எழுதினா நாலு துவையல்ல ஓடிடும். நூல் நிக்கும்.

— தையல் எப்படி இருக்கும்? இந்தாங்க பென்சில், வரைஞ்சு காட்டுங்க.

— எனக்கு வரையத் தெரியாதும்மா. இப்படித்தான், கோணல் மாணலா, சங்கிலி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். ஆரம்பிக்கிற இடத்துல ஒரு முடிச்சு. முடிக்கிற இடத்துல நூலை ஒட்ட வெட்டக் கூடாது, பிரிஞ்சுடும். கொஞ்சம் விட்டு வைக்கணும்.

— போதும்மா, இது போதும். தம்பி, இங்க வா, இதைப் பாரு. அட்டை முழுக்க வெள்ளை, லேசா மடிப்பு விழுந்த தடம் மட்டும். கீழ் மூலையில சிவப்பு நூல்ல 'குண்டு'. ஓட்டை கிடையாது. புள்ளி இருக்கிற இடத்துல ஒரு முடிச்சு. கடைசி எழுத்திலேருந்து நூல் நுனி கீழ வருது.

— தொங்கவிட்டிருக்கு!

— ஆமா. ஆல்பம் பேரைப் பெருசா எழுதவே வேண்டாம், நூலே சொல்லிடும்.

— போன்ல தெரியுமாக்கா? நகத்தளவுல?

— மத்தவங்க கவர் எல்லாம் கறுப்பும் சிவப்பும். நடுவுல ஒரே ஒரு வெள்ளைக் கட்டம், அதுல ஒரு சிவப்பு முடிச்சு. எது கண்ணுல படும்னு நீயே சொல்லு. சட்டைக்கு அச்சடிக்கவும் வேண்டாம். நிஜமாவே நூல்ல தைச்சுடலாம்.

— இருங்கக்கா, கம்பெனியிலேருந்து போன். ஹலோ... ஆமா சார், கவர்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் மாத்தியிருக்கோம் சார்... இல்ல, துப்பாக்கி இல்ல... ரத்தமும் இல்ல. சார், ஒரு விஷயம். பாட்டு எழுதினது நான் இல்ல... திருட்டு இல்ல சார்! எங்கம்மா. இருக்காங்க சார், உயிரோடதான் இருக்காங்க. ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை... ஹலோ? சார்? ஒரு நிமிஷம், கேட்டுச் சொல்றேன்.

— கோவமா இருக்காராடா?

— குதிக்கிறாரும்மா, சந்தோஷத்துல. அனாதையைவிட இது நல்லாப் போகுமாம். கவர் முழுக்க உன் முகம் வேணுமாம், கறுப்பு வெள்ளையில. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கணுமாம். விழக்கூடாதாம்.

— நான் எதுக்கு அழணும்?

— கொஞ்சம் கிழிஞ்ச துணியா போட்டுக்கிட்டா...

— ரெண்டாயிரம் உருப்படி வெளுக்கிறவ கிழிசலும் அழுக்குமா நிக்கணுமா? ஏன், எனக்கு நல்ல துணி இல்லையா? இப்போ போட்டிருக்கேனே, இது உன் கண்ணுக்குத் தெரியலையா?

— ஹலோ சார். எங்கம்மா அழமாட்டாங்களாம்... கிளிசரின் போட்டும் அழமாட்டாங்க. வெள்ளைக் கவர்தான் சார், முடிவு பண்ணியாச்சு... வேணாம் சார், கறுப்பு வெள்ளையும் வேணாம்... அப்படின்னா வேற குண்டைப் பார்த்துக்கோங்க சார். வச்சுடறேன்.

— வச்சுட்டியா தம்பி?

— வச்சுட்டேன்க்கா.

— மெசேஜ் வருது பாரு.

— நீங்களே படிங்கக்கா, எனக்கு முடியல.

— 'வெள்ளை ஓகே. யாருக்கும் நேரமில்லை. ஐந்து மணிக்குள் அச்சுக்கு அனுப்பவும்.' இதுக்குத்தானா மூணு வாரமா ரத்தம் ஊத்தினோம்? சரி, மணி மூணாச்சு. பின்னட்டையை முடிச்சுடலாம். பாடியவர், குண்டு. எழுதியவர்... உங்க பேரைச் சொல்லுங்கம்மா.

— எழுதினவங்களுக்கு ஒரு வரிதான் இடமா?

— எத்தனை வரி வேணும்?

— பதினொண்ணு.

— ஒவ்வொரு பாட்டுக்குக் கீழயும் போடணுமா? எல்லாத்துக்கும் உங்க பேருதானே, ஒரு தடவை போட்டா போதும்.

— எல்லாம் எப்படிம்மா என் பேராகும்? ஊசி பாட்டு அந்தப் பொண்ணுது. டிக்கெட் பாட்டு இஸ்திரி போடுற அக்காவுது, முப்பது வருஷம் சர்வீஸ் அவங்களுக்கு. கஞ்சி பாட்டு கட்டினவ அடுத்த மாசம் ரிட்டையர் ஆகறா. ஆளுக்கொண்ணு. என்னுது அந்த ஆவிப் பாட்டு மட்டும்தான். எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்னு நோட்டை எங்கிட்ட குடுத்து வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

— அம்மா! பதினோரு பேரா?

— வாயை மூடுடா, ஈ பூந்துடப்போகுது.

— இருங்கம்மா, உள்பக்கத்துல அவங்க எல்லாரோட படமும் போடணும்னு ஆசையா இருக்கு. ஆனா அஞ்சு மணிக்குள்ள அத்தனை பேரை எங்க போய்ப் பிடிக்கிறது?

— கீழதான்மா நிக்கிறாங்க, ஜெராக்ஸ் கடை வாசல்ல. படம் எடுப்பாங்கன்னு எல்லாரும் நல்ல துணி போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. கடைக்காரர் பாவம், என்ன போராட்டம்னு கேட்டாரு.

— பத்து பேருமா? கேமரா எங்க வச்சேன்... தம்பி, போய்க் கூட்டிக்கிட்டு வா. ஓடு!

— இருங்கக்கா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அம்மா, அவங்களுக்கு நான்தான் பாடறேன்னு தெரியுமா? 'எவளுக்கும்'னு இருந்ததை மாத்தினது தெரியுமா? என் குரல் பிடிக்கலன்னா...

— தெரியுமாவா? எங்க பாட்டை எவன் வேணும்னாலும் பாடிக்கட்டும்னு சும்மா தூக்கிக் குடுத்துடுவோமா? நீ ஒருத்தன், எங்க ஆம்புலன்ஸ் டிரைவர் பையன் ஒருத்தன். அவனும் ராப் பாடுவான், தெரியும்ல? ரெண்டு பேர் பாடினதையும் போன்ல போட்டு, மெஷினை எல்லாம் நிறுத்திட்டுக் கேட்டோம். சீட்டு எழுதிப் போட்டு எண்ணினோம். ஆறுக்கு அஞ்சுல நீ வந்த.

— ஒரே ஒரு ஓட்டுலயா? அப்போ நான் ஜெயிச்சதே உன் ஓட்டாலதானேம்மா!

— என் ஓட்டு டிரைவர் பையனுக்குடா. அந்த ஆறும் அவங்க போட்டது.